ஆமைக்குஞ்சுகளை வழியனுப்பக் கடலுக்குப் போகிறவர்களுக்கு: கொங்குப் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்தால் போதும், கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் விசாரிப்பு வர ஆரம்பித்துவிடும். "ஆமைக்குஞ்சைக் கடலுக்கு விடுறாங்களாமே, நாங்களும் வரலாமுங்களா?" நாங்கள் சின்ன இயற்கை ஆர்வலர் குழு. ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் பேரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறோம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் கேட்ட வாக்கிலேயே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறோம். கிளம்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கடலே இல்லாத ஊர்க்காரங்க நாம. ஆமைக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?

உண்மையைச் சொன்னால், நாம் போகாவிட்டால் ஆமைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து கூடு தேடுகிறவர்கள் அந்தந்த ஊர் மீனவர்கள், மாணவர்கள், வனத்துறைக்காரர்கள். நாம் போவது பார்க்கவும் தெரிந்துகொள்ளவும்தான். முடிந்தால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் ஒரு கை கொடுக்கலாம்.

அதற்காகச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. நொய்யல் தன் பெயரையே கொண்ட ஊரில் சேர்கிறது. அமராவதி கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் சேர்கிறது. வெள்ளம் வரும் ஆண்டுகளில் முக்கொம்பில் திருப்பிவிடும் உபரி நீர் கொள்ளிடம் வழியாகப் போய்ப் பழையாறு பக்கம் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய மணல்வெளிகளிலும் ஆமை முட்டையிடுகிறது. திருப்பூரில் ஓடையோரம் வீசிய பாலித்தீன் பை எந்தப் பக்கம் போகும் என்று இனி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. உக்கடம் மீன் மார்க்கெட்டில் வாங்கும் கடல் இறால் எந்த வலையில் வந்தது என்பது இன்னொரு சம்பந்தம். அதற்குக் கீழே வருகிறோம்.

நாம பார்க்கப் போறது எந்த ஆமை?

பங்குனி ஆமை. செய்தித்தாள்களில் ஆலிவ் ரிட்லி என்று போடுவார்கள். இந்தியக் கடல்களில் 5 வகைக் கடல் ஆமைகள் உண்டு: பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணி ஆமை. சென்னை முதல் நாகை வரையிலான கரையில் முட்டையிட ஏறுவது கிட்டத்தட்ட எல்லாமே பங்குனி ஆமைதான். கடல் ஆமைகளில் இது சின்ன ரகம். அப்படியும் ஓட்டின் நீளம் 2 அடிக்கு மேல் போகும், எடை 35 முதல் 50 கிலோ வரை இருக்கும்.

ஒடிசாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஏறும் படங்களைப் பார்த்துவிட்டுச் சிலர் அதே காட்சியை இங்கே எதிர்பார்க்கிறார்கள். நம் கரையில் ஒன்று ஒன்றாகத்தான் வரும். ஆளரவம் கேட்டால் அதுவும் திரும்பிப் போய்விடும்.

எப்போ வந்தா சரியா இருக்கும்?

முட்டையிட வரும் தாய் ஆமையைப் பார்க்க வேண்டுமென்றால் தை, மாசி. குஞ்சு பார்க்க வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை. டிசம்பர் கடைசியில் ஒன்றிரண்டு ஏற ஆரம்பிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வரத்து. முட்டை பொரிய 45 முதல் 55 நாட்கள் ஆகும், மணலின் சூட்டைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆக, பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே வரை குஞ்சுகள் வெளிவரும்.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த வாரத்தில் ஆள் சேர்ப்பதும் கஷ்டம், ரயிலில் இடம் கிடைப்பதும் கஷ்டம். அதைத் தவிர்த்துத் தேதி சொல்லுங்கள்.

எங்கே போறது, எப்படிப் போறது?

பெரும்பாலும் சென்னை. இந்தியாவில் ஆமைக்காக ராத்திரி நடை என்ற பழக்கமே அங்கேதான் வேர்விட்டது. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். 1988-இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் அவர்கள் இன்றும் நடக்கிறார்கள். பருவத்தில் வார இறுதி ராத்திரிகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தெற்கே மீனவ இளைஞர்களை வைத்தே வேலை செய்யும் ட்ரீ அறக்கட்டளை இருக்கிறது. இவை போக, முட்டைகளை வேலிக்குள் புதைத்துப் பொரிக்க வைக்கும் வனத்துறையின் பொரிப்பகங்கள் கரை நெடுகிலும் உண்டு. கோடியக்கரையிலும் சீர்காழிப் பக்கம் கூழையாறிலும் இருப்பவை அவற்றில் இரண்டு.

காலையில் கோவையிலிருந்து இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ் ஏறினால் மதியத்துக்குச் சென்னை. சாயங்காலம் கொஞ்சம் படுத்து எழுந்தால் ராத்திரி நடைக்குச் சரியாக இருக்கும். சேரனிலோ நீலகிரியிலோ ராத்திரிப் பயணம் செய்துவிட்டு மறுநாளும் ராத்திரி முழுக்க மணலில் நடப்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆகாது. நாகைப் பக்கம் போகிறவர்களுக்கு எர்ணாகுளம்–காரைக்கால் ரயில் ஈரோடு, கரூர் வழியாகவே போகிறது. கோடியக்கரை அமைதியான இடம், கூட்டம் குறைவு. எங்களைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வோம். ஆனால் அங்கே போவதற்கு முன் வனத்துறையிடம் பேசி நாள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ராத்திரி நடையும் குஞ்சு விடறதும் ஒண்ணுதானுங்களே?

இரண்டும் வேறு. ராத்திரி நடை என்பது கூடு தேடும் வேலை. தாய் ஆமை கரையேறி, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி தோண்டி, 100 முதல் 120 முட்டைகள் வரை இட்டு, மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பையே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி இறுக்கிவிட்டுப் போய்விடும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் நடப்பவர்கள் கண்ணில் படுவது ஆமையில்லை, தடம்தான். பங்குனி ஆமை இடது துடுப்பு, வலது துடுப்பு என்று மாற்றி மாற்றி வைத்து நடப்பதால் தடத்தின் இரண்டு ஓரங்களும் எதிரெதிராக இருக்காது, ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும். பேராமையின் தடத்தில் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் விழும். தடம் ஏறி, திரும்பி இறங்கும் இடத்தில் கலைந்த மணல் இருக்கும். அங்கே கம்பால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். கம்பு சட்டென்று இறங்கினால் கீழே கூடு. அப்புறம் கம்பை வைத்துவிட்டுக் கையால்தான் தோண்டுவார்கள்.

முட்டைகளைத் துணிப்பையில் எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் புதைப்பார்கள். இதைச் சில மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். நேரம் போனால் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு செத்துப்போகும். அதனால்தான் முட்டைப்பையை நம்மிடம் தூக்கத் தருவதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குஞ்சு விடுவது சாயங்காலமோ விடியற்காலையிலோ பொரிப்பகத்தை ஒட்டி நடக்கும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதுவே தோது.

போனா கண்டிப்பாப் பார்க்கலாமா?

உத்தரவாதம் கிடையாது. அன்றைக்குப் பொரிந்தால் உண்டு. "இவ்வளவு தூரம் வந்திருக்கோம், நாளைக்கு விடறதை இன்னைக்கே விடுங்க" என்று பொரிப்பகத்தில் கேட்காதீர்கள். போன குஞ்சை நிறுத்தி வைக்கவும் முடியாது, வராத குஞ்சைத் தோண்டி எடுக்கவும் கூடாது.

ஒரே ஒரு குஞ்சு. கையில எடுத்து நானே விட்டுக்கறேன். முடியாதுங்களா?

முடியாது. அதிகம் பேர் கேட்பதும் இதைத்தான், அதிகம் பேர் முகம் சுளிப்பதும் இந்தப் பதிலுக்குத்தான். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம்.

முதலில் சட்டம். கடல் ஆமைகள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. அனுமதி பெற்றவர்கள் மட்டுமே முட்டையையும் குஞ்சையும் கையாளலாம்.

அடுத்தது குஞ்சின் நிலைமை. நீளம் சுமார் 4 சென்டிமீட்டர், எடை 15 முதல் 20 கிராம். நனைந்திருந்தால் கறுப்பு, காய்ந்தால் சாம்பல். முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்புகள் இருக்கும். மூக்கு நுனியில் ஓட்டைக் கிழிப்பதற்கென்றே வளர்ந்த சின்ன முள் இருக்கும், சில நாட்களில் உதிர்ந்துவிடும். திருப்பிப் பார்த்தால் (நாம் திருப்பக் கூடாது, அவர்கள் காட்டும்போது பாருங்கள்) அடிவயிற்றின் நடுவில் மஞ்சள் கரு உள்ளிழுக்கப்பட்ட தழும்பு தெரியும். அந்தக் கருவில் மிச்சமிருப்பதுதான் அது கட்டிக்கொண்டு போகும் சோறு. மணலில் இருந்து ஏறியதும் ஒரு வேகம் பிறக்கும். கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க நிற்காமல் நீந்தி, கரையோர மீன்களைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போய்விடப் பார்க்கும். நாம் கையில் வைத்துக் கொஞ்சும் ஒவ்வொரு நிமிடமும், அது காற்றில் துடுப்படித்துக் கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும், அந்தச் சோற்றிலிருந்துதான் செலவாகிறது.

அப்புறம் நம் கை. கொசுவுக்குத் தடவிய களிம்பு, வெயிலுக்குத் தடவிய கிரீம், சானிடைசர் எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் தொட்டால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? ஒரு பள்ளிக் கூட்டம் வந்த அன்று வரிசையாக எல்லாரும் ஒரு முறை தொட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ கையைக் கட்டிட்டு நிக்கறதுக்கா வர்றோம்?

வேலை இருக்கிறது. குஞ்சு விடும் பாதையில் இருக்கும் காலடிக் குழிகளை மூட வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். காய்ந்த மணலில் பெரியவர் ஒருவரின் குதிகால் பதிந்த குழி நமக்குக் கண்ணிலேயே படாது. 4 சென்டிமீட்டர் குஞ்சுக்கு அது ஆளுயரப் பள்ளம். உள்ளே விழுந்தால் முன்துடுப்பால் சுவரைச் சுரண்டும், மணல் சரிந்து மறுபடி உள்ளேயே விழும். சில குஞ்சுகள் கவிழ்ந்துவிடும். குழி விளிம்பில் இன்னொருவர் கால் வைத்தால் முடிந்தது. அதனால் விடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே பலகையாலோ கையாலோ அந்தப் பட்டையை நீர்வரை சமப்படுத்த வேண்டும். சமப்படுத்திய பிறகு யாரும் அதில் நடக்கக் கூடாது. பின்வாங்கிக்கொண்டே சமப்படுத்தினால் நம் தடமும் மூடிவிடும்.

நாயையும் காக்கையையும் விரட்ட ஆள் வேண்டும். பாதையில் கிடக்கும் வலைத்துண்டு, கயிறு, பிளாஸ்டிக் குவளைகளைப் பொறுக்க வேண்டும். புதிதாக வந்து கூடும் கூட்டத்தைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தப் பேச்சு சாமர்த்தியம் உள்ள ஒருவர் வேண்டும். நம் ஊர் ஆட்கள் இந்தக் கடைசி வேலையில் கெட்டிக்காரர்கள். "ஏனுங்க, கொஞ்சம் பின்னாடி வாங்க, குழந்தைக்கு வழி விடுங்க" என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

விடும்போது எல்லாரும் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க வேண்டும். கடலுக்கும் குஞ்சுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. அலை ஏறும் ஈர மணலிலும் நிற்கக் கூடாது. அலை ஒரு குஞ்சைப் புரட்டித் திரும்பக் கரையில் போடும். நம் காலடியில் அது கிடப்பது நமக்கே தெரியாது.

கடல் பத்தடி தூரத்துல இருக்கு. நேரா தண்ணியில விட்டா சீக்கிரம் போகாதா?

சீக்கிரம் போகும். ஆனால் அப்படிச் செய்வதில்லை. முட்டை மணலுக்குள் பொரிந்ததிலிருந்தே குஞ்சுகள் கூட்டாக மேல்நோக்கி நகர்கின்றன. மேல் மணல் சூடாக இருந்தால் அடியிலேயே காத்திருந்து, அது குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் ராத்திரியில், மொத்தமாக வெளிவரும். வெளியே வந்ததும் எந்தப் பக்கம் தொடுவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். தண்ணீரில் இறங்கியதும் அலையை எதிர்த்துத் திசை பிடிக்கும். ஆழத்துக்குப் போன பிறகு பூமியின் காந்தப்புலம் வழிகாட்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகளில் மணலில் நடப்பதும் ஒன்று. வளர்ந்த பிறகு தான் பிறந்த கரைப் பகுதிக்கே முட்டையிட வருவதற்கும் இந்தத் தொடக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் நீரிலிருந்து சில மீட்டர் மேலே விட்டு நடக்க வைப்பார்கள்.

எல்லா ஆமையும் ஒரே கரையைக் கட்டிக்கொண்டு அழுவதும் இல்லை. 2021-இல் ஒடிசாவில் துடுப்பில் உலோகக் குறி மாட்டிய ஒரு பங்குனி ஆமை, 2025 ஜனவரியில் அந்தப் பக்கம் அரபிக் கடலோரம் மகாராஷ்டிராவின் குகாகர் கரையில் முட்டையிட்டது.

டார்ச், செல்போன் கொண்டு வரலாமுங்களா?

போன் பையில் இருக்கலாம், கையில் வேண்டாம். ஃபிளாஷ் கூடவே கூடாது. முட்டையிட ஏறும் தாய் வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிவிடும். குஞ்சோ நேர்மாறு, வெளிச்சத்தைத் தேடி வரும். ஆதிகாலத்தில் ராத்திரிக் கரையில் வெளிச்சமான பக்கம் கடல்தான். இன்றைக்குச் சென்னைக் கரையில் சாலைவிளக்கும் ஓட்டல் விளக்கும்தான் வெளிச்சம். அதனால்தான் குஞ்சுகள் ரோட்டுக்கு ஏறி வண்டியில் அடிபடுகின்றன, இல்லையென்றால் விடியும்வரை சுற்றிக் காக்கைக்கு இரையாகின்றன. நடை நடத்துகிறவர்கள் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை வைத்திருப்பார்கள், அது போதும். சில இடங்களில் ஒருவர் தண்ணீருக்குள் நின்று டார்ச் காட்டிக் குஞ்சுகளைக் கடல் பக்கம் இழுப்பதைப் பார்க்கலாம். அது அவர்கள் வேலை, நாம் பழகிப் பார்க்க வேண்டாம்.

கூர்மாவதாரமுங்களே. ஒரு கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுக்கலாமா?

கும்பிடுங்கள், கற்பூரம் வேண்டாம். அதுவும் வெளிச்சம்தான். பூவும் மஞ்சள் குங்குமமும் கூட மணலில் வேண்டாம்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு எங்க அப்புச்சி சொல்லுவார். பார்த்துட்டு வந்தா தோஷமில்லையா?

எங்களோடு வந்த பல குடும்பங்கள் நல்லபடியாக இருக்கின்றன. அமீனா வந்தால் அதற்குக் காரணம் கடன், ஆமை இல்லை. கடல் ஆமை வீட்டுக்குள் வரப்போவதும் இல்லை. இந்தப் பழமொழியால் அடி வாங்குவது நம் கிணற்று ஆமைகள்தான். அதைப் பற்றி அடுத்த கேள்வி.

எங்க தோட்டத்துக் கிணத்துல ஆமை இருக்கு. வரும்போது கொண்டு வந்து அதையும் கடல்ல விட்டுரலாமா?

தயவுசெய்து வேண்டாம்! நல்ல மனசோடு கேட்பதால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. நம் கிணறு, குளம், வாய்க்காலில் இருப்பவை பாலாமை, காராமை போன்ற நன்னீர் ஆமைகள். உப்பு நீரில் அவை பிழைக்காது. கடல் ஆமைக்குக் கண்ணருகே உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு. தாய் முட்டையிடும்போது 'அழுகிறது' என்று நாம் நினைப்பது அந்த உப்புநீரைத்தான். கிணற்று ஆமைக்கு அந்த வசதி இல்லை. பாலாமை கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை காத்திருக்கும். அதை அங்கேயே விட்டுவிடுவதுதான் நல்லது.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. சத்தியமங்கலம் பக்கத்து முள்காட்டில் நட்சத்திர ஆமையைப் பார்த்துவிட்டு, பாவம் தண்ணீருக்கு ஏங்குகிறது என்று தூக்கி வாய்க்காலில் விடுவார்கள். அது தரை ஆமை, நீந்தத் தெரியாமல் மூழ்கிப்போகும். வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

கடையில் வாங்கிய சின்னப் பச்சை ஆமை, கண்ணோரம் சிவப்புக் கோடு போட்டது, பெரிதாகிவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. அது அமெரிக்க இனம். வாலாங்குளத்திலோ பெரியகுளத்திலோ விட்டால் நம் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். அதைக் கடலிலும் விடக் கூடாது, குளத்திலும் விடக் கூடாது. வனத்துறையிடம் கேளுங்கள்.

முட்டையை எடுத்து வேலி போட்டுப் பொரிக்க வைக்கறது இயற்கைக்கு விரோதமில்லையா?

நியாயமான கேள்வி. தாய் இட்ட இடத்திலேயே விட முடிந்தால் அதுதான் சிறந்தது, ஆமைக்காக வேலை செய்கிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் நாய், மனிதக் காலடி, விளக்கு எல்லாம் நெருக்கும் கரையில் விட்டால் கூடு தப்புவது அரிது. ஒரு காலத்தில் முட்டையை எடுத்து விற்பதும் நடந்தது. அதனால் பொரிப்பகம் என்பது வேறு வழியில்லாத இடத்தில் செய்யும் ஏற்பாடு. அமராவதி அணை முதலைப் பண்ணை நமக்குப் பழக்கமான இடம். அங்கேயும் 1970களில் காட்டு முதலைகளின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தார்கள்.

பொரிப்பகத்தில் ஒவ்வொரு கூட்டுக்கும் மேல் அடியில்லாத கூடை ஒன்றைக் கவிழ்த்து, இட்ட தேதி, முட்டை எண்ணிக்கை எழுதிய அட்டை வைத்திருப்பார்கள். பொரியும் நாட்களில் கூடைக்கு அருகே காது வைத்தால் உள்ளே துடுப்புகள் பிரம்பைச் சுரண்டும் சரசரப்பு கேட்கும். எண்ணி, குறித்துக்கொண்டு, தாமதமில்லாமல் கரைக்கு எடுத்துப் போவார்கள்.

வெயில் ஜாஸ்தியானா எல்லாக் குஞ்சும் பொட்டையாப் போயிருமாமே?

அடிப்படையில் சரிதான். கடல் ஆமைக்கு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது கூட்டு மணலின் வெப்பம். 29, 30 டிகிரியை ஒட்டி ஆணும் பெண்ணும் கலந்து வரும். அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும், கீழே போனால் ஆண் குஞ்சுகள் கூடும். ரொம்பச் சூடானால் முட்டையே வெந்துவிடும். அதனால் சில பொரிப்பகங்களில் சித்திரை வெயிலுக்குக் கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ போடுகிறார்கள். முதலைக்கும் வெப்பம்தான் முடிவு செய்கிறது, கணக்கு மட்டும் வேறு.

இத்தனை பாடுபட்டு விடறதுல எத்தனை பிழைக்கும்?

ஆயிரத்துக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து எண்ணிய கணக்கில்லை இது, ஆனால் மிகச் சிலவே தேறும் என்பது நிச்சயம். தேறியதும் முட்டையிடும் வயது வர பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால்தான் குஞ்சு சாவதைவிடத் தாய் ஆமை சாவது பெரிய இழப்பு.

போன வருஷம் கரையெல்லாம் செத்த ஆமையாக் கிடந்துச்சாமே. மீனவங்கதான் காரணமா?

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆமைக்கு நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். சும்மா இருக்கும்போது நெடுநேரம் அடக்கும். இழுவலைக்குள் சிக்கித் திமிறும்போது அடக்க முடியாமல் மூழ்கிச் சாகும்.

மீனவர் என்று மொத்தமாகச் சொல்வது சரியில்லை. ஃபைபர் படகில் போகிற சிறு மீனவரும் இழுவைப் படகும் ஒன்றில்லை. நமக்குக் கூடு காட்டுகிறவர்களே கரையோர மீனவர்கள்தான். தமிழ்நாட்டு விதிப்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுவலை போடக் கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் அந்தத் தூரத்துக்குள்தான். கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல்தான் ஆரம்பிக்கிறது. ஆமை சாகும் ஜனவரி, பிப்ரவரிக்கு அது உதவாது. ஆகவே 5 மைல் விதியை உண்மையாக நடைமுறைப்படுத்துவது ஒரு வழி. வலையில் ஆமை வெளியேறும் கம்பிச் சட்டம் வைப்பது இன்னொரு வழி. இறால் பின்னால் போய்விடும், ஆமை மேல் திறப்பு வழியாகத் தப்பிவிடும்.

ஏற்றுமதி செய்கிற திருப்பூர்க்காரர்களுக்கு இதை எளிதாக விளங்கவைக்கலாம். நம் வலைகளில் இந்தக் கம்பிச் சட்டம் இல்லை என்று சொல்லித்தான் 2019 முதல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. வாங்குகிறவன் கேட்டால் சட்டம் தானாக வேலை செய்யும். உக்கடத்தில் வாங்கும் நாம் அப்படிக் கேட்பதில்லை.

குழந்தைகளைக் கூட்டி வரலாமுங்களா?

குஞ்சு விடும் நிகழ்ச்சிக்கு எந்த வயதும் சரி. ராத்திரி நடைக்கு, மணலில் 7 கிலோமீட்டர் முனகாமல் நடக்கிற பிள்ளைகள் மட்டும். பள்ளியிலிருந்து வந்தால் ஒரு வகுப்பாக வாருங்கள், மூன்று பேருந்து நிறைய வேண்டாம்.

என்னென்ன எடுத்துட்டு வரணும்?

அடர்நிற உடை, குடிநீர், ஒரு துண்டு. செருப்பைக் கையில் பிடித்து நடக்க வேண்டியிருக்கும். கட்டுச்சோறு கொண்டு வரலாம், ஆனால் மிச்சத்தைக் கரையில் கொட்டக் கூடாது. சோற்றுக்கு வரும் காக்கையும் நாயும் அடுத்து குஞ்சுக்குத்தான் நிற்கும். கழிப்பறை வசதி பல இடங்களில் கிடையாது, கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்களே ராமேஸ்வரம், நாகூர் போனப்ப குஞ்சு ஒண்ணு தனியாக் கிடந்தா?

அங்கேயிருக்கும் மீனவர்களிடமோ வனத்துறையிடமோ உடனே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாயும் காக்கையும் அண்டாமல் நின்று பாருங்கள். பக்கத்தில் விளக்கு இருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் போடாதீர்கள், அதன் நீந்தும் தெம்பெல்லாம் வாளிக்குள்ளேயே தீர்ந்துவிடும். ஊருக்குக் கொண்டு வந்து தொட்டியில் வளர்க்கும் யோசனை வந்தால், முதல் அட்டவணையை இன்னொரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

வர முடியாதவங்க இங்கிருந்தே ஏதாவது செய்யலாமா?

நொய்யல், பவானிக் கரையில் குப்பை எடுக்கும் குழுக்கள் பல ஊர்களிலும் உண்டு, சேர்ந்துகொள்ளுங்கள். மீன் வாங்கும்போது எந்த வலை, எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் நாலு பேர் கேட்டால் வியாபாரி விசாரிப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடோ விடுதியோ வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தால், ஜனவரி முதல் மே வரை கடல் பக்கத்து விளக்கை ராத்திரியில் அணைக்கச் சொல்லுங்கள். கொங்கு நாட்டில் அப்படி வீடு வாங்கிப் போட்டவர்கள் கொஞ்சம் பேரா இருக்கிறார்கள்?

செலவு எவ்வளவு ஆகும்?

ரயில் டிக்கெட், சாப்பாடு, தங்கும் செலவை ஆளுக்கு ஆள் பிரித்துக்கொள்வோம். எங்களுக்குத் தனியாக எதுவும் தர வேண்டாம். பொரிப்பகத்துக்கு நன்கொடை தர விரும்பினால் ரசீது வாங்கிக்கொண்டு நேரடியாகக் கொடுங்கள். கரையில் யாராவது "குஞ்சுக்கு இவ்வளவு, நீங்களே கையில் எடுத்து விடலாம்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.